கருவின் மூளைக்குக் கொழுப்பு சொல்லும் செய்தி
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே பேச அழைத்தபோது பொருளை நானே தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். பாடநூலில் ஏறி முடிந்துபோன ஒன்றை எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் அறிவியலைத் தமிழில் பேசுவதற்கென்றே ஏற்பட்ட ஓர் அறக்கட்டளையில், ஆய்வுக்கூடங்களில் இன்னும் சூடாக இருக்கும் ஒன்றைப் பேசுவதே முறை என்று எனக்குப் பட்டது. தாயின் வயிற்றில் மூளை உருவாகும்போது, அதை உருவாக்கும் நரம்புக் குருத்தணுக்களுக்குக் கொழுப்பு மூலக்கூறுகள் என்ன சொல்கின்றன? இதுவே இன்றைய பொருள்.

கொழுப்பு நல்லதா, கெட்டதா என்று கேட்டே நாம் பழகிவிட்டோம். வளரும் மூளையின் முன்னே அந்தக் கேள்விக்குப் பொருளில்லை. அங்கே ஒரு மூலக்கூறு எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தே அது ஆக்குமா அழிக்குமா என்பது முடிவாகிறது. மேலோட்டமாகக் கேட்டால் இது யாருக்கும் தெரிந்த பொது உண்மை போலத் தோன்றும். ஆனால் இதை மறந்த இடங்களில் குழந்தைகளை இழந்திருக்கிறோம். இதைப் புரிந்துகொண்ட இடங்களில் காப்பாற்றியிருக்கிறோம். அந்தச் சான்றுகளை ஒவ்வொன்றாக உங்கள் முன் வைக்கிறேன்.

சுவர்ப்பொருள் பேசத் தொடங்கிய கதை

மூளையின் உலர் எடையில் பாதிக்கு மேல் லிப்பிடுகள் எனப்படும் கொழுப்புப் பொருள்களே. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள இந்த உறுப்பு, உடலிலுள்ள மொத்தக் கொலஸ்ட்ராலில் 20 முதல் 25 சதவீதத்தைத் தன்னிடம் வைத்திருக்கிறது. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் மருத்துவராக வாழ்ந்த தூடிகும், மூளையின் வேதியியலைப் பற்றிய தமது பெருநூலை 1884-ல் வெளியிட்டார். ஸ்பிங்கோசின் முதலான பல மூளை லிப்பிடுகளை உலகம் அறிந்தது அவரால்தான். ஆனாலும் அதன்பின் வெகுகாலம், செல்லின் சவ்வைக் கட்டும் பொருள், நரம்பிழையைப் போர்த்தும் உறை, எரித்தால் ஆற்றல் தரும் சேமிப்பு என்ற மூன்று வேலைகளோடு லிப்பிடுகளின் கணக்கை அறிவியல் முடித்துவைத்திருந்தது.

1953-ல் மேபெல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் என்ற தம்பதியர் புறாவின் கணையத் துண்டுகளில் அசிட்டைல்கோலினைச் சேர்த்துப் பார்த்தார்கள். சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடுகளுக்குள் கதிரியக்கப் பாஸ்பரஸ் விரைந்து ஏறியது. வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் வந்தால் சவ்வு சும்மா இருப்பதில்லை, தன் லிப்பிடுகளையே மாற்றிக்கொள்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் அது. சரியாக முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1983-ல், மைக்கேல் பெரிட்ஜும் உடன் ஆய்வாளர்களும் அதன் அடுத்த கண்ணியைக் கண்டார்கள். சவ்வு லிப்பிடிலிருந்து வெட்டப்பட்ட ஒரு துண்டு, செல்லுக்குள் கால்சியத்தை விடுவிக்கும் கட்டளையாகிறது. சுவர்ப்பொருள் என்று எண்ணியது செய்தியாகவும் இருந்தது. வெட்டப்பட்ட துண்டுகளில் சில செல்லைவிட்டு வெளியே வந்து பக்கத்துச் செல்லிடமும் பேசும் என்பது அதன் பிறகு தெளிவானது.

மூளை பிறக்கும் சுவர்

இந்தப் பேச்சைக் கேட்கும் செல்கள் எங்கே இருக்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கருவுற்ற நான்கு வாரங்களில், அதாவது சுமார் 28-ஆம் நாளுக்குள், கருவின் முதுகுப்புறத் தகடு சுருண்டு மூடி நரம்புக்குழல் ஆகிறது. பல தாய்மார்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பது உறுதியாகும் முன்பே இது நடந்துமுடிந்துவிடும். அந்தக் குழலின் உட்புறத்தில் நீர் நிறைந்த குழிகள் உருவாகின்றன. குழிகளின் விளிம்பில் நெருக்கமாக அடுக்கி நிற்பவைதாம் நரம்புக் குருத்தணுக்கள்.

இவற்றுக்கு ஆரக் கிளியா என்று பெயர். ஒரு முனை குழியின் நீரைத் தொட்டிருக்கும். மறுமுனை மெல்லிய இழையாக நீண்டு மூளையின் வெளிப்பரப்பை எட்டும். புதிதாகப் பிறந்த நரம்பணு, பனையேறி மரத்தைத் தழுவி ஏறுவதுபோல் அந்த இழையைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. இதைப் பாஸ்கோ ராகிச் 1972-ல் காட்டினார். ஏறுவதற்கு இழை தரும் செல்லே நரம்பணுவைப் பெறும் தாயும் ஆகும் என்பது 2000, 2001-ஆம் ஆண்டுகளில் மக்தலேனா கோட்ஸ், ஆர்னால்ட் கிரீக்ஸ்டீன் ஆகியோரின் குழுக்களால் உறுதியானது. மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களும் இத்தகைய குருத்தணுக்களின் வழித்தோன்றல்களே.

ஒரு குருத்தணு ஓயாமல் எடுக்கும் முடிவுகள் சில உண்டு. பிரிந்து இன்னும் இரு குருத்தணுக்களாவதா, ஒன்றை நரம்பணுவாக்குவதா, பிரிவதை நிறுத்திக்கொள்வதா, இறந்துபோவதா? சீக்கிரமே நரம்பணுவாகிவிட்டால் மூளை சிறுத்துவிடும். பிரிந்துகொண்டே போனால் ஒழுங்கு குலையும். இந்த முடிவுகளில் புரதச் செய்திகளுக்கு உள்ள பங்கை நெடுங்காலமாக அறிவோம். லிப்பிடுகளின் பங்கு வெளிப்பட்ட விதம் வேறு.

சீரத்தில் இருந்த பொருள்

1990-களில் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் சன் என்பவரின் குழு, எலிக்கருவின் மூளைக்குழி விளிம்பில் செறிந்து இயங்கும் மரபணுக்களைத் தேடியது. ஒரு மரபணு கிடைத்தது. அது செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஓர் ஏற்பியை உருவாக்குவது. எதை ஏற்கும் ஏற்பி என்பதுதான் தெரியவில்லை. அதைச் செல்களில் மிகுதியாக ஏற்றியபோது, வளர்ப்பு ஊடகத்தில் சீரம் எனப்படும் ரத்தத் தெளிநீர் இருந்தால் செல்கள் தம் நீட்சிகளைச் சுருக்கி உருண்டு திரண்டன. சீரம் இல்லையென்றால் அப்படி நடக்கவில்லை. ஆகவே சாவி சீரத்துக்குள் இருக்கிறது. அந்தச் சாவி லைசோபாஸ்பாடிடிக் அமிலம் என்ற சின்னஞ்சிறு லிப்பிடு. சுருக்கமாக எல்.பி.ஏ. என்பார்கள். 1996-ல் வெளியான இந்த ஆய்வுதான் எல்.பி.ஏ.வுக்கு ஓர் ஏற்பி உண்டு என்பதை முதன்முதலில் காட்டியது. இன்று அத்தகைய ஏற்பிகள் ஆறு அறியப்பட்டுள்ளன.

எல்.பி.ஏ.வின் அமைப்பு மிக எளிது. ஒரு கிளிசரால், ஒரு பாஸ்பேட், ஒரே ஒரு கொழுப்பு அமில வால். லைசோபாஸ்பாடிடைல்கோலின் என்ற மற்றொரு லிப்பிடின் தலையை ஆட்டோடாக்சின் என்ற நொதி வெட்டும்போது இது பிறக்கிறது. பாஸ்பேட்டை நீக்கி இதன் வாயை அடைக்கும் நொதிகளும் அருகிலேயே இருக்கின்றன. உண்டாக்குவதும் அழிப்பதும் பக்கத்துப் பக்கத்தில் நடப்பதால், செய்தி தேவையான இடத்தில் மட்டும், தேவையான அளவு நேரம் மட்டும் நிற்கிறது. ஆட்டோடாக்சினே இல்லாத எலிக்கருக்கள் ரத்தக்குழாய்கள் சரியாக அமையாமல் கருக்காலத்தின் நடுவிலேயே இறந்துவிடுகின்றன.

குருத்தணுவுக்கு இந்தச் செய்தி ஏன் தேவை? குழி விளிம்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் முன்பு செல்லின் உட்கரு மேலும் கீழும் பயணம் செய்து, நீரை ஒட்டிய விளிம்புக்கு வந்து, செல் உருண்டு, அதன் பிறகே பிரிகிறது. வளர்ப்புத் தட்டில் எல்.பி.ஏ. செய்ததும் செல்லை உருளச் செய்ததுதான். 2003-ல் இதே குழு எலிக்கருவின் பெருமூளைப் புறணியை எடுத்து, ஒரு பாதியைச் சாதாரண ஊடகத்திலும் மறுபாதியை எல்.பி.ஏ. சேர்த்த ஊடகத்திலும் வளர்த்தது. எலியின் புறணி இயல்பில் வழவழப்பானது. எல்.பி.ஏ. பெற்ற பாதியோ தடித்து, மனித மூளையை நினைவூட்டும் மடிப்புகளைக் கொண்டது. கூடுதலாகச் செல்கள் பிரிந்ததால் இது நடக்கவில்லை. செல் இறப்பு குறைந்தது. நிறைய குருத்தணுக்கள் பிரிவை முடித்துக்கொண்டு நரம்பணுவாகும் பாதையில் இறங்கின. முதலிரண்டு ஏற்பிகளும் இல்லாத எலிகளின் புறணியில் எல்.பி.ஏ. எந்த மாற்றத்தையும் செய்யவில்லை.

இதிலிருந்து எல்.பி.ஏ. மூளையை வளர்க்கும் மருந்து என்று ஒருவர் முடிவுகட்டலாம். அடுத்த செய்தி அந்த அவசரத்தைத் தடுக்கிறது.

ரத்தம் கசியும்போது

குறைமாதக் குழந்தைகளின் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். 32 வாரத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தைக்கு எதை அஞ்சுவீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொன்ன குழி விளிம்பில், குருத்தணுக்கள் செறிந்த பகுதியில், அந்த வயதில் ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. ரத்த அழுத்தம் சற்றே தள்ளாடினாலும் அவை வெடித்து, ரத்தம் மூளைக்குழிக்குள் இறங்கும். பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாள்களுக்குள் இது நடக்கிறது. பிழைக்கும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பிறகு மூளைநீர் வடியாமல் தேங்கித் தலை பெருக்கிறது. ஹைட்ரோகெபாலஸ் என்ற இந்த நிலைக்கு, மூளைக்குழியிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய் வைத்து நீரை வடிப்பதே இன்றும் முதன்மைச் சிகிச்சை. அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும், கிருமி தொற்றும். ஒரே குழந்தை பல முறை அறுவை மேசைக்குப் போக நேரும்.

உறைந்த ரத்தம் நீர் வடியும் வழியை அடைப்பதால்தான் தேக்கம் வருகிறது என்று விளக்கி வந்தோம். 2011-ல் சன்னின் குழு வேறொரு கேள்வியைக் கேட்டது. ரத்தத்தில் எல்.பி.ஏ. உண்டு. ரத்தம் குழிக்குள் கொட்டினால், துளித்துளியாக வரவேண்டிய அந்தச் செய்தி குருத்தணுக்களின் மேல் வெள்ளமாகப் பாயுமே, அப்போது என்னவாகும்? பதின்மூன்றரை நாள் எலிக்கருவின் மூளைக்குழியில் எல்.பி.ஏ.வை மட்டும் செலுத்தினார்கள். கடுமையான ஹைட்ரோகெபாலஸ் உண்டானது. குழி விளிம்பில் குருத்தணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கட்டுகள் தளர்ந்தன. செல்கள் தம் திசையை இழந்தன. நரம்பணுக்கள் இருக்கக்கூடாத இடங்களில் குவிந்தன. அந்த ஏற்பிகள் இல்லாத எலிகளில் இந்தச் சேதம் பெரிதும் குறைந்தது. ஏற்பியை அடைக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோதும் குறைந்தது.

தட்டில் வளர்த்த புறணியை மடிப்புகளோடு செழிக்கச் செய்த அதே மூலக்கூறுதான் இது. தொடும் ஏற்பியும் அதேதான். மாறியவை அளவும், வந்த வழியும், நேரமும் மட்டுமே. இந்த முடிவை நான் முதலில் படித்த நாள் முதல் லிப்பிடுகளைப் பற்றி நான் எண்ணும் முறையே மாறிவிட்டது.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கிறேன். குழந்தைகளுக்கு வரும் தேக்கத்துக்கு எல்.பி.ஏ. மட்டுமே காரணம் என்று யாரும் நிறுவவில்லை. கசிந்த ரத்தத்திலிருந்து வரும் இரும்பு, த்ரோம்பின், அழற்சி ஆகியவையும் சேதம் செய்கின்றன. எலிக்கரு மனிதக் குழந்தையல்ல. குழந்தைகளுக்குக் கொடுக்கத்தக்க எல்.பி.ஏ. தடுப்பு மருந்து இன்னும் நம் கையில் இல்லை. ஆனால் முன்பு குழாய் வைப்பதைப் பற்றி மட்டுமே பேசிய இடத்தில், இப்போது தடுக்கத்தக்க ஒரு வேதிப் பாதையைப் பற்றிப் பேச முடிகிறது.

ஐடஹோவின் ஆட்டுக்குட்டிகள்

எல்.பி.ஏ. ஒன்று மட்டும்தான் இப்படியா என்று கேட்பீர்கள். கொலஸ்ட்ராலைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலைகளில் ஆடு மேய்ப்போர், நெற்றி நடுவில் ஒரே கண்ணோடு பிறக்கும் குட்டிகளைக் கண்டு கலங்கினார்கள். 1950-களில் அந்நாட்டு வேளாண் துறை விஞ்ஞானிகள் மந்தைகளோடு மலையேறிக் காரணத்தைத் தேடினார்கள். வெராட்ரம் என்ற காட்டுச் செடிதான் காரணம். அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. சினையான 14-ஆம் நாளில் தாய் ஆடு அந்தச் செடியைத் தின்றால்தான் குட்டி ஒற்றைக்கண்ணோடு பிறந்தது. அந்த நாள் கடக்கும்வரை மந்தையை அந்தப் பக்கம் விடாமல் வைத்தாலே இந்தக் கேடு நின்றது. செடியிலிருந்து பிரித்த நச்சுக்குச் சைக்ளோபமின் என்று பெயர். கொலஸ்ட்ராலைப் போன்ற ஸ்டீராய்டு உருவம் கொண்டது அது.

ஏன் என்ற விடை நாற்பது ஆண்டுகள் கழித்தே வந்தது. கருவின் மூளையை இடம் வலமாகப் பிரிக்கும் கட்டளை, சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தால் வருகிறது. 1996-ல் பிலிப் பீச்சியின் குழு ஒரு வியப்பான உண்மையைக் கண்டது: அந்தப் புரதம் ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறைத் தன் உடலோடு பிணைத்துக்கொண்டே செயல்வடிவம் பெறுகிறது. அதே ஆண்டில், இந்தப் புரதம் இல்லாத எலிகள் ஒற்றைக்கண்ணோடு உருவாவதும், மனிதரில் இந்த மரபணு பழுதுபட்டால் முன்மூளை இரண்டாகப் பிரியாமல் போவதும் வெளியாயின. செய்தியைப் பெறும் பக்கத்தில் ஸ்மூதன்ட் என்ற புரதம் இருக்கிறது. சைக்ளோபமின் அதைப் பிடித்து முடக்குகிறது என்பது 2002-ல் தெரிந்தது. 2016-ல் இன்னொரு பக்கம் திறந்தது. அதே ஸ்மூதன்டை இயக்கும் பொருள்களில் கொலஸ்ட்ராலும் ஒன்று. ஆகவே இந்தச் செய்தியை அனுப்பவும் கொலஸ்ட்ரால் வேண்டும், பெறவும் கொலஸ்ட்ரால் வேண்டும்.

இது ஆட்டோடு நிற்கவில்லை. 1964-ல் ஸ்மித், லெம்லி, ஒப்பிட்ஸ் என்ற மூன்று மருத்துவர்கள், சிறுத்த தலை, அறிவு வளர்ச்சிக் குறை, ஒட்டிய கால்விரல்கள் ஆகியவற்றோடு பிறந்த சில குழந்தைகளை விவரித்தார்கள். காரணம் 1993-ல் தெரிந்தது. இந்தக் குழந்தைகளின் உடலால் கொலஸ்ட்ரால் தயாரிப்பின் கடைசிப் படியை முடிக்க முடிவதில்லை. அப்படியானால் உணவில் கொலஸ்ட்ராலைச் சேர்த்தால் போதுமே என்று தோன்றும். கொடுக்கிறார்கள், சில குழந்தைகளுக்கு உடல் வளர்ச்சியில் பலன் இருக்கிறது. ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கொலஸ்ட்ரால் கடப்பதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டாக வேண்டும். கருவில் தவறிய கட்டளையையும் பிறந்த பிறகு திரும்பக் கொடுக்க முடியாது. பொருள் சரியானதுதான், இடமும் காலமும் தப்பிவிட்டன.

செய்துகொள்வதும் வரவழைப்பதும்

கொலஸ்ட்ராலைப் போலவே கொழுப்பு அமிலத்தையும் குருத்தணுக்கள் தாமே செய்துகொள்கின்றன. கொழுப்பு அமில சிந்தேஸ் என்ற நொதி அதற்கு உண்டு. வளர்ந்த எலி மூளையில் எஞ்சியிருக்கும் குருத்தணுக்கள் பிரிய இந்த நொதி தேவை என்று சூரிச்சில் மார்லென் க்னோப்லோக், செபாஸ்டியன் யெஸ்பெர்கர் ஆகியோர் 2013-ல் காட்டினார்கள். கரு மூளையிலிருந்து அதை நீக்கினால் ஆரக் கிளியா செல்கள் மேல் கீழ் என்ற திசையை இழக்கின்றன, பிரிவது குறைகிறது, மூளை மிகச் சிறுத்துவிடுகிறது. இது 2022-ல் வெளியானது. மனிதக் குருத்தணுக்களிலிருந்து தட்டில் வளர்த்த மூளைத் திரளைகளிலும் அதே திசையிழப்பைக் கண்டார்கள்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அறிவு வளர்ச்சிக் குறையுள்ள மனிதரிடம் இதே நொதியின் மரபணுவில் கண்டறிந்த ஒரு மாற்றத்தை எலியில் புகுத்தியபோது, குருத்தணுக்களுக்குள் லிப்பிடு தேங்கி, அந்தச் சுமை தாளாமல் அவற்றின் செயல் குன்றியது. எலிகளின் கற்றலும் குறைந்தது. 2020-ல் வெளியான ஆய்வு இது. அந்த நொதி இல்லாமல் போனாலும் இழப்பு, அதன் போக்கு மாறி லிப்பிடு தேங்கினாலும் இழப்பு.

மூளையால் தேவையான அளவு செய்துகொள்ள முடியாத கொழுப்பு ஒன்று உண்டு. அது டி.ஹெச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம். அது எப்படி உள்ளே போகிறது என்ற புதிரை 2014-ல் சிங்கப்பூரில் டேவிட் சில்வரின் குழு விடுவித்தது. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் எம்.எஃப்.எஸ்.டி.2ஏ என்ற கடத்திப் புரதம் இருக்கிறது. டி.ஹெச்.ஏ. தனியே வந்தால் அது கண்டுகொள்வதில்லை. லைசோபாஸ்பாடிடைல்கோலின் சுமந்துவந்தால் உள்ளே அனுப்புகிறது. இந்தக் கடத்தி பழுதான குடும்பங்களில் தலை மிகச் சிறுத்த குழந்தைகள் பிறப்பதை 2015-ல் இரு குழுக்கள் வெளியிட்டன.

லைசோபாஸ்பாடிடைல்கோலின் என்ற பெயரைச் சற்று முன் கேட்டீர்கள். எல்.பி.ஏ.வின் மூலப்பொருளும் இதுவே. ஆட்டோடாக்சினிடம் போனால் அது செய்தியாகிறது. கடத்தியிடம் போனால் சரக்கு வண்டியாகி மூளைக்குக் கொழுப்பைக் கொண்டு சேர்க்கிறது. உணவு ஒருபுறம், சமிக்ஞை மறுபுறம் என்று நம் பாடநூல்கள் போட்ட கோட்டைக் குருத்தணு அறியாது. எந்த நொதி எங்கே நிற்கிறது என்பதே ஒரு லிப்பிடின் வேலையைத் தீர்மானிக்கிறது.

மாத்திரைகளைப் பற்றி

கர்ப்பிணிகளிடம் மூளை வளர்ச்சி என்ற பெயரில் இன்று விற்கப்படும் பொருள்களில் டி.ஹெச்.ஏ. முதலிடத்தில் இருக்கிறது. இதைப் பற்றி ஓர் ஆய்வாளனாகத் திட்டவட்டமாகப் பேசக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் சுமார் 2,400 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. தினம் 800 மில்லிகிராம் டி.ஹெச்.ஏ. பெற்ற தாய்மாரின் குழந்தைகளும் பெறாதவர்களின் குழந்தைகளும் ஒன்றரை வயதில் சராசரி அறிவுத்திறனில் வேறுபடவில்லை. ஆனால் 29 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளின் நிலை வேறு. தாயிடமிருந்து மூளைக்கு டி.ஹெச்.ஏ. பெருமளவில் சேர்வது கடைசி மூன்று மாதங்களில். அந்த மாதங்களை இவர்கள் கருப்பைக்கு வெளியே கழிக்கிறார்கள். இவர்களுக்கு நேரடியாக டி.ஹெச்.ஏ. கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து வயதில் அறிவுத்திறன் ஈவு சுமார் மூன்றரைப் புள்ளி கூடியிருந்தது என்று 2022-ல் அறிவித்தார்கள். அதே குழந்தைகளிடம் 2017-ல் வெளியான முந்தைய முடிவு, நுரையீரல் நோயை அது குறைக்கவில்லை என்றும், சற்றுக் கூட்டவும் கூடும் என்றும் காட்டியது.

ஆகவே மாத்திரை நல்லதா என்று என்னிடம் கேட்கும் ஒவ்வொருவரிடமும் நான் திருப்பிக் கேட்பது, எந்தக் குழந்தைக்கு, எந்த வாரத்தில் என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு விடை இல்லாத விளம்பரத்தை நம்ப வேண்டாம். முதல் நான்கு வாரங்களில் நரம்புக்குழல் மூடுவதற்கு உதவும் ஃபோலிக் அமிலத்துக்கோ 1991 முதல் உறுதியான சான்று இருக்கிறது. அது விலை மலிவானது. கருவுறும் முன்பே தொடங்க வேண்டியது அது. நம் பெண்களில் எத்தனையோ பேருக்கு அது காலம் கடந்தே கைக்கு வருகிறது என்பதுதான் என் கவலை.

சில மருந்துகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் எனப்படும் பல்திசு இறுக்க நோய்க்குத் தரப்படும் ஃபிங்கோலிமோட், ஸ்பிங்கோசின் வழிவந்த ஒரு லிப்பிடுச் சமிக்ஞையின் ஏற்பிகளில் செயல்பட்டு, நோயுற்றவரின் நரம்புகளைக் காக்கிறது. கருவுக்கோ அது கேடு. கர்ப்ப காலத்தில் அதைத் தரக்கூடாது. ஐடஹோவின் நச்சு முடக்கிய அதே ஸ்மூதன்டை முடக்கும் விஸ்மோடெகிப், 2012 முதல் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு மருந்து. கருவைச் சிதைக்கும் செயலே, வளர்ந்தவரின் உடலில் கட்டியை ஒடுக்குகிறது.

நம் முன் உள்ள வேலை

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவற்றுள் சுமார் 30 லட்சம் இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. மூளைக்குழியில் ரத்தம் கசியும் ஆபத்துள்ள குழந்தைகள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

கசிவைக் குறைக்கும் ஒரு வழி ஏற்கெனவே நம்மிடம் உண்டு. அதுவும் லிப்பிடுக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நியூசிலாந்தின் கிரஹாம் லிக்கின்ஸ், சினை ஆடுகளை ஆராயும்போது, ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டிகள் எதிர்பாராத விதமாக மூச்சுவிட்டதைக் கண்டார். 1972-ல் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, முன்கூட்டியே பிரசவிக்கும் நிலையில் உள்ள தாய்மாருக்கு அதைக் கொடுத்துக் குழந்தைகளின் மூச்சுத்திணறலைக் குறைத்துக் காட்டினார். பின்வந்த ஆய்வுகள், அந்த ஊசி மூளைக்குழி ரத்தக்கசிவையும் குறைப்பதை உறுதிசெய்தன. இங்கேயும் காலம்தான் நீதிபதி. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. குறைமாதம் என்று தவறாகக் கருதப்பட்ட பல தாய்மாருக்கும் ஊசி போனது. பச்சிளங்குழந்தை இறப்பு மொத்தத்தில் குறையாமல் கூடியது. 2020-ல் வந்த ஆய்விலும் இந்தியா பங்கேற்றது. ஸ்கேன் மூலம் கரு வாரத்தை உறுதிசெய்து, 26 முதல் 33 வாரத்தில் மட்டும், தகுந்த வசதியுள்ள மருத்துவமனைகளில் டெக்சாமெத்தசோன் கொடுத்தார்கள். குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாக இறங்கியது. வாரத்தைச் சரியாகக் கணித்து, பிறகு குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் இடமும் இருந்தபோது ஸ்டீராய்டு உயிர் காத்தது.

இதிலிருந்து எனக்குத் தோன்றும் வேலைகள் இரண்டு. முதலாவது உடனே செய்யத்தக்கது. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்துக் கருவின் வாரத்தைத் துல்லியமாகக் குறித்துவைப்பது. பெண்ணுக்கு அந்த ஸ்கேன் முதல் மூன்று மாதங்களுக்குள் கிடைக்க வேண்டும். அந்த எண் இல்லாமல் ஸ்டீராய்டும் டி.ஹெச்.ஏ.வும் குருட்டுத்தனமாகவே கொடுக்கப்படும்.

இரண்டாவது ஆய்வுக்குரியது. ரத்தம் கசிந்த குழந்தையின் மூளைக்குழி நீரில் எல்.பி.ஏ. எவ்வளவு, எத்தனை நாள் நிற்கிறது என்பதை அளந்தால்தான், தடுப்பு மருந்து என்று ஒன்று வரும்போது எந்த நாளில் கொடுப்பது என்று சொல்ல முடியும். சிகிச்சைக்காக எடுக்கப்படும் நீரில் எஞ்சுவதே இந்த அளவீட்டுக்குப் போதும். பெற்றோரின் முழு இசைவோடும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடும் இதைச் செய்ய முடியும். குழந்தைகள் நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். லிப்பிடுகளை அளக்கும் நிறைநிறமாலைமானிகளும், அவற்றை இயக்கத் தெரிந்த இளைஞர்களும் நம் ஆய்வு நிறுவனங்களில் இருக்கிறார்கள். இந்த இரண்டு கட்டடங்களையும் இணைக்கும் ஆய்வுத் திட்டத்தை எழுத முன்வரும் மாணவர் எவராயினும், அவரோடு சேர்ந்து உழைக்க நான் அணியமாக இருக்கிறேன். இந்த அறக்கட்டளையின் ஆதரவையும் அந்தத் திட்டத்துக்கே கேட்கிறேன்.